பெட்ரோல் குடிக்கும் பிக்கப்பும் கோடு போட்ட ஒரு நோட்டும்

என்னிடம் ஏழு வருஷமாக ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. 2001 மாடல், 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். வாங்கிய புதிதில் லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த எடைக்கும் பெட்டி மாதிரியான உருவத்துக்கும் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது மெல்ல மெல்லக் குடிக்க ஆரம்பித்தது. ஒரே நாளில் குறைந்திருந்தால் உடனே உறைத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால், 'போன வாரம்தானே போட்டோம், அதற்குள் முள் கீழே வந்துவிட்டதே' என்று முனகிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டிவிட்டேன்.

வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு மருந்து வைத்திருப்பார்கள். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். முதலில் ஏர் ஃபில்டர். அடுத்து ஸ்பார்க் பிளக். பிறகு டேங்கில் ஊற்றுகிற ஒரு பாட்டில் திரவம். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யுமாம். அப்புறம் ஆக்ஸிஜன் சென்சார். கடைசியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெட்ரோல் குழாயின் மேல் கவ்வி வைக்கிற இரண்டு காந்தங்கள். எரிபொருளின் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. வரிசையில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன, எரியப்போவது அதே பெட்ரோல்தான் என்று அப்போது தோன்றவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி மைலேஜ் கூட்டும் சாதனங்களை நூற்றுக்கும் மேல் பரிசீலித்து, சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் பலன் தரவில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டது. இதையும் வாங்கிய பிறகுதான் படித்தேன்.

ஏர் ஃபில்டர் கதையும் அப்படித்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து விடுகிற பழைய கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாமல் வந்துகொண்டிருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வருகிற காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். வண்டி இழுக்காது, அவ்வளவுதான். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்துப் பார்த்துச் சொன்னதும் இதுதான். ஃபில்டரை மாற்றுங்கள், இன்ஜினுக்கு நல்லது. ஆனால் மைலேஜுக்காக மாற்றினால் என்னைப்போல ஏமாறுவீர்கள்.

இத்தனையும் செய்து முடித்தபோது என்னிடம் இல்லாத ஒரே பொருள், ஒரு கணக்கு. 'கொஞ்சம் தேவலாம் போலிருக்கே' என்பதைத் தவிர எதற்கும் என்னிடம் விடை இல்லை. செலவு செய்தவனுக்கு எப்போதுமே கொஞ்சம் தேவலாம் போலத்தான் இருக்கும்.

ஒரு நாள் வெறுத்துப்போய், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை டாஷ்போர்டு பெட்டியில் போட்டேன். தேதி, மீட்டர் ரீடிங், போட்ட லிட்டர், ஏற்றிய சுமை, ஓட்டிய சாலை எல்லாம் அதில் எழுதுவது என்று முடிவு. டேங்க் டு டேங்க் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிரப்பு, ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகு. இதில் நாம் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. பம்ப் தானாக நின்ற பிறகும் 'இன்னும் கொஞ்சம்' என்று கழுத்து வரைக்கும் நிரப்புவது. ஒரு தடவை கழுத்து வரை, இன்னொரு தடவை பாதியில் நிறுத்தினால் இரண்டு லிட்டர் வித்தியாசம் சாதாரணமாக வந்துவிடும். 50 லிட்டரில் 2 லிட்டர் என்றால் நான்கு சதவீதம். நாம் தேடுவதே ஐந்து, பத்து சதவீதக் கள்ளனை. அளவுகோலே நான்கு சதவீதம் பொய் சொன்னால் எப்படிப் பிடிப்பது? அதனால் ஒரே பம்ப், வண்டி நிற்பது ஒரே பக்கம், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்தம். ஒரு டேங்கை வைத்து எதையும் முடிவு செய்யாமல் மூன்று டேங்கின் சராசரி. இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

முதல் மூன்று டேங்க்: 6.8, 6.6, 7.0. சராசரி 6.8. வயிறு எரிந்தது. ஒன்பதரை எங்கே, இது எங்கே!

முதல் கள்ளன் வண்டியிலேயே இல்லை, மீட்டரில் இருந்தான். ஒரு நீண்ட பயணத்தில் போன் மேப் 106 கிலோமீட்டர் காட்டியபோது வண்டியின் மீட்டர் சரியாக 100 காட்டியது. ஆறு கிலோமீட்டர் எங்கே போனது என்று யோசித்தபடி டயரைப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது விடை. வண்டிக்கு வந்த டயர் 235/75 ஆர் 15. மூன்று வருஷத்துக்கு முன்னால் டயர் மாற்றியபோது, கம்பீரமாக இருக்கட்டும் என்று 265/75 ஆர் 15 போட்டிருந்தேன். கணக்குப் போட்டால், பழைய டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர், புதியது 778. ஆறு சதவீதம் பெரிசு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி முன்பைவிட ஆறு சதவீதம் அதிகமாக நகர்கிறது. மீட்டருக்கோ சுற்று மட்டும்தான் தெரியும், டயர் மாறியது தெரியாது. ஆக 6.8 என்பது உண்மையில் 7.2. இனி வரும் எண்களெல்லாம் இப்படித் திருத்தியவைதான். நான் தொலைத்ததாக அழுத மைலேஜில் கொஞ்சம் தொலையவே இல்லை!

இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பெரிய டயர் கனம் அதிகம், அகலமும் அதிகம். உருட்டுவதற்கும் வேகம் எடுக்க வைப்பதற்கும் கூடுதல் பெட்ரோல் செலவாகும். ஸ்பீடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும் என்பது தனித் தலைவலி. 90 என்று நினைத்து 95-இல் போய்க்கொண்டிருந்தேன். டயரில் தேய வேண்டிய பட்டன் இன்னும் நிறைய இருந்ததால் டயரைக் கழற்ற மனசு வரவில்லை. தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்புவதாக இருக்கிறேன்.

சரி, 7.2-க்கும் 9.5-க்கும் நடுவில் இன்னும் பெரிய பள்ளம். சென்சார், இன்ஜெக்டர் என்று உள்ளே தேடுவதற்கு முன்னால், வண்டி சும்மா உருளுகிறதா என்று பார்க்கச் சொன்னார் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக். "இன்ஜினைத் திட்டுறதுக்கு முன்னாடி வண்டியைத் தள்ளிப் பாரு தம்பி" என்றார். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சமதளச் சாலையில் அதைச் செய்தேன். 60-இல் நியூட்ரல் போட்டு, 40-க்கு இறங்க எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருந்தவர் எண்ணினார். காற்றும் சரிவும் ஏமாற்றக்கூடாது என்று போகும்போது இரண்டு தடவை, வரும்போது இரண்டு தடவை. சராசரி 16 வினாடி. இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே அரை மணி நேரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். மூன்று சக்கரத்தில் இளஞ்சூடு. முன்பக்கம் இடது சக்கரத்தில் அடுப்புப் பக்கம் கையை நீட்டியது போல அனல். இரவல் வாங்கிய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், முன்பக்கம் வலது டிஸ்க்கில் 47 டிகிரி, இடதில் 91 என்று காட்டியது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் வலது சக்கரம் இரண்டு மூன்று சுற்றுப் போனது. இடது, அரைச் சுற்றில் 'சர்ர்' என்று உரசி நின்றது. நான் ஆறு மாதமாக ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே ஓட்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரைக் கழற்றியபோது விஷயம் புரிந்தது. காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய்த் துருப்பிடித்து, பின் அசையாமல் இறுகியிருந்தது. உள்பக்கத்துப் பிரேக் பேட் காகிதமாகத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்துப் பேட் புதிதுபோல் இருந்தது. பேட் இப்படி ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தால் பேடை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். பின்னை எமரித் தாளால் தேய்த்து, புது உறை போட்டு, பிரேக்குக்கு என்றே விற்கிற சிலிகான் கிரீஸ் தடவினேன். கையில் கிடைக்கிற சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகிக்கொள்ளும். புதுப் பேட் போட்டு அதே சாலையில் அதே சோதனை: 18 வினாடி. அடுத்த மூன்று டேங்க்: 7.7. நோட்டில் அடிக்கோடு போட்ட முதல் எண் அதுதான்.

அடுத்தவன்தான் பெரிய கள்ளன். அவன் என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான், டேஷ்போர்டில்.

இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள், சரியாக ஓடும் வண்டியில் ஏறக்குறைய நடுவில் நிற்கும். என்னுடையது எப்போதும் கால் பங்குக்குக் கீழேயே நின்றது. நான் அதைப் பெருமையாக நினைத்திருந்தேன். பழைய வண்டி, ஆனாலும் எவ்வளவு குளுமையாக ஓடுகிறது பார் என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டுகிற ஓ.பி.டி ஸ்கேனர் ஒன்றை மாட்டி, நெடுஞ்சாலையில் ஓட்டும்போது பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொன்னேன். இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் 58 டிகிரி. அரை மணி கழித்தும் 58, 60. நெரிசலில் நின்றால் மட்டும் 75-க்குப் போய், வேகம் எடுத்ததும் மறுபடி இறங்கியது. அதைவிட முக்கியமான இன்னொரு வரி திரையில் இருந்தது: 'ஓப்பன் லூப்'.

இதை ஒரு நிமிஷம் விளக்கிவிடுகிறேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இன்ஜின் சூடான பிறகு, ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்து 'பெட்ரோல் அதிகம், குறை' என்று சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் பிடித்து நிறுத்தும். இதுதான் குளோஸ்டு லூப். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் பழைய சோக் மாதிரி, கம்ப்யூட்டர் சென்சாரின் பேச்சைக் கேட்காமல் வேண்டுமென்றே கூடுதலாக ஊற்றும். அது ஓப்பன் லூப். காலையில் முதல் சில நிமிஷம் மட்டும் இருக்க வேண்டிய நிலை. என் வண்டிக்கு நாள் முழுக்கக் காலை நேரம்! சோக்கை இழுத்து வைத்துக்கொண்டே நூறு கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, ஆயிலும் குளிர்ந்து கெட்டியாகவே இருந்து இன்ஜினைக் கஷ்டப்படுத்தியது.

அப்போதுதான் பழைய துப்புகளெல்லாம் ஒன்றுசேர்ந்தன. புது பிளக்கைக்கூட ஒரே மாதத்தில் கரி மூடியது. சைலன்சரில் எப்போதும் பச்சைப் பெட்ரோல் வாடை. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியும் ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? காதை மூடிக்கொண்டவனிடம் பேச வேறு ஆளை அனுப்பியதுபோலத்தான் அது. செக் இன்ஜின் விளக்கு மட்டும் கடைசிவரை எரியவே இல்லை. விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது.

குற்றவாளி தெர்மோஸ்டாட். கூலன்ட் 82 டிகிரி வரும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைக்கிற சின்ன வால்வு. இது கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஃபேனில் சிக்காமல், ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் குழாயை லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். நல்ல வால்வு என்றால் குழாய் ரொம்ப நேரம் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென்று சூடாகும். என் வண்டியில் முதல் நிமிஷத்திலிருந்தே வெதுவெதுப்பு ஏறிக்கொண்டே வந்தது. வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒட்டி மூடியிருக்க வேண்டிய தகட்டுக்குக் கீழே ஒரு ஆணி நுழையும் அளவு இடைவெளி. பழைய கூலன்டின் செம்மண் மாதிரியான அழுக்கு ஸ்பிரிங்கில் அப்பியிருந்தது. புதிதைப் போடுவதற்கு முன்னால், இனிமேல் சமையலுக்கு எடுக்கப்போவதில்லை என்று வீட்டில் ஒப்புதல் வாங்கிய ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டையும் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றினேன். பழையது பச்சைத் தண்ணீரிலேயே வாயைத் திறந்துகொண்டிருந்தது. புதியது எண்பதைத் தாண்டும்வரை அசையாமல் இருந்து, பிறகு சோம்பல் முறிப்பதுபோல மெதுவாகத் திறந்தது. பார்க்கவே அழகாக இருந்தது.

பட்டறையில் இன்னொருவர், "புதுசு எதுக்கு அண்ணே, வால்வையே எடுத்துட்டா இன்ஜின் சூடே ஆகாது" என்றார். இப்படி நினைப்பவர்கள் நிறைய. சூடே ஆகாததுதானே என் வியாதி! ரேடியேட்டர் அடைத்திருப்பதை மறைக்கச் செய்கிற வேலை அது. நீங்கள் பழைய வண்டி வாங்கியிருந்தால் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்னால் வைத்திருந்தவர் எடுத்துப் போட்டிருக்கலாம்.

முள் நடுவுக்கு வந்தது. பத்து நிமிஷத்தில் திரையில் 'குளோஸ்டு லூப்'. அடுத்த மூன்று டேங்க்: 8.7. ஒரு சின்ன வால்வும் ஒரு கேஸ்கெட்டும் செய்த வேலை.

மிச்சமெல்லாம் வண்டியின் குற்றம் இல்லை, என் குற்றம். பின்பெட்டியில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் இறக்கி எடை போட்டேன். கருவிப் பெட்டி, இரும்புச் சங்கிலி, எப்போதோ போட்ட இரண்டு மணல் மூட்டை, எந்த வண்டியுடையது என்றே தெரியாத ஒரு லீஃப் ஸ்பிரிங். மொத்தம் 140 கிலோ. இரண்டு ஆட்களைச் சம்பளம் இல்லாமல் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் மைலேஜ் போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நின்று நின்று போகிற சாலையில் அதிகமாகவே உறைக்கும். டயர் காற்று நான்கிலும் ஐந்தாறு பி.எஸ்.ஐ குறைவாக இருந்தது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, அது நாம் வைக்க வேண்டிய அளவு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து 9.0.

பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போய் மைலேஜ் கூடும் என்பார்கள். அதையும் ஒரு டேங்க் முழுக்கச் செய்தேன். ஒன்றும் கூடவில்லை. கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தை மாதிரி நின்றுகொள்கிறது. மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. திறந்தால் அந்த மெத்தை கலைந்துவிடும். எனக்குக் கிடைத்தது, வழியில் எங்கோ விழுந்துபோன ஒரு கயிற்றுச் சுருள் நஷ்டம் மட்டும்.

வேகம்தான் கடைசி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110-இலிருந்து 90-க்கு இறங்கினால் அது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காருக்கே அப்படி என்றால், சுவர் மாதிரி முகம் உள்ள பிக்கப்புக்குச் சொல்லவே வேண்டாம். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற பழக்கத்தையும் விட்டேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. இருபது வருஷமாக மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்திருக்கிறேன்.

நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் ஓட்டிய கடைசி மூன்று டேங்கின் சராசரி 9.4. வாங்கிய நாளில் இருந்ததற்கு ஒரு சொட்டு குறைவு. அந்தப் பெரிய டயர் இருக்கும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

காந்தங்களைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டேன், தூக்கிப் போடவில்லை. காலிப்பர் வேலையின்போது கழற்றிய போல்ட்டுகளெல்லாம் உருண்டு ஓடாமல் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல வலுவான காந்தம்.